காற்று முடிச்சுப் போடுமா

ரகு,

மாடியில் குடியிருக்கும் மகனுக்குக் கீழ்வீட்டிலிருந்து கடிதம் எழுதும் தகப்பன் இந்தச் சேலையூர் வட்டாரத்திலேயே, ஏன், செங்கல்பட்டு வரைக்குமே, நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நடுவில் இருப்பது ஒரு படிக்கட்டு. ஏறி வந்து சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே ஷூ லேஸைக் கட்டி, ஹெல்மெட்டை மாட்டி, நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் கேம்ப் ரோட்டைத் தாண்டியிருப்பாய். காகிதம் உன் பின்னால் ஓடிவராது, ஆனால் நீ திரும்பி வரும்வரை காத்திருக்கும். கவரை நான் ஒட்டவில்லை. உன் அம்மா படித்துவிட்டுத்தான் மேலே கொடுத்தனுப்புவாள். அவள் படிக்கட்டும். இதில் வரும் என் அழகையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவள் அவள்தான்.

நேற்றுச் சாயங்காலம் எனக்கு ஒரு அதிர்ச்சி ஏற்பட்டது. சாதாரண அதிர்ச்சி இல்லை. விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று வழி தவறி நம் வீட்டுக் கூடத்துக்குள் புகுந்து, பூஜை அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிருந்தால்கூட நான் அந்த அளவுக்கு ஆடிப்போயிருக்க மாட்டேன். நீ காட்டாங்குளத்தூர் மாமனார் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பி வந்தாய். கொண்டுபோன ஜாங்கிரிப் பெட்டியைக் கட்டுகூடப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்தாய். "போனேன், ஸ்வீட் வாங்கிட்டுப் போனேன், வா போலாம்னு கூப்பிட்டேன். சாவி கெடச்சிடுச்சுன்னும் சொல்லியாச்சு. இதுக்கு மேல அவளுக்கு என்னதாம்மா வேணும்?" என்று உன் அம்மாவிடம் கேட்டாய். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். நான் அதைப் படக்கென்று மடக்கியதில் விளையாட்டுச் செய்திகளெல்லாம் உதிர்ந்து வரி விளம்பரப் பக்கத்தில் விழுந்துவிட்டன. ஏனென்றால் அந்த ஜாங்கிரிப் பெட்டி என் கண்டுபிடிப்பு. அந்த "கெடச்சிடுச்சு"ம் என் கண்டுபிடிப்புதான். நான் உனக்குச் சொத்து என்று எதையும் எழுதிவைக்கவில்லை. ஆனால் நீ இந்த இரண்டையும் எப்படியோ எடுத்துக்கொண்டுவிட்டாய்.

நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். ஆடிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உன் ஆபீஸ் நண்பர்கள் சாப்பிட வந்தார்கள். கல்யாண ஆல்பத்தை எடுக்கப் போனால் பீரோ சாவியைக் காணவில்லை. அத்தனை பேர் இலை முன்னால் உட்கார்ந்திருக்க, கையில் சாம்பார் வாளியோடு நின்ற என் மருமகள் செல்வியைப் பார்த்து, "இவளுக்கு எதை எங்க வச்சோம்னு ஞாபகமே இருக்காது. இவங்க வீட்லயே எல்லாரும் அப்படித்தான்" என்று சொல்லிச் சிரித்தாய். அவர்களும் சிரித்தார்கள். மறுநாள் உன் ஸ்கூட்டர் பெட்டியில், நீயே போட்டுவைத்த இடத்தில், சாவி இருந்தது. அதை அம்மாவிடம் மட்டும் மெல்லச் சொன்னாய். அந்த வாரமே ஆடி பிறந்தது. முறைப்படி அவள் அப்பா வந்து அவளை அழைத்துப்போனார். ஆடி முடிந்து ஆவணியும் பாதி போய்விட்டது. அவள் வரவில்லை. தெருவில் விசாரிப்பவர்களுக்கெல்லாம் உன் அம்மா ஏதேதோ சொல்லி ஆடி மாதத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நம் வீட்டுக் காலண்டரில் மட்டும் அது ரப்பர்போல நீண்டு இப்போது தீபாவளியைத் தொடப் பார்க்கிறது.

நம் வம்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் மன்னிப்புக் கேட்காதவர்கள். மன்னிப்பு என்ற சொல் நம் வாசலுக்கு வந்தபோதெல்லாம் யார், எந்த ஊர், யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அதற்கு வசதியாக நமக்கென்று ஒரு தனி இலக்கணமும் வைத்திருக்கிறோம். நம் வீட்டில் யாரும் டம்ளரை உடைத்ததில்லை, அது உடைந்துபோகும். யாரும் பாலைப் பொங்க விட்டதில்லை, அது பொங்கிவிடும். கரண்டு பில் கட்ட மறந்ததில்லை, தேதி தாண்டிவிடும். ஆனால் அடுத்தவர் செய்தால் மட்டும் அவர் உடைத்தார், அவர் கொட்டினார், அவர் மறந்தார். இந்த இலக்கணத்தில் நான் ஒரு மகா பண்டிதன். அதன் உச்சியை நான் தொட்டது நம் மொட்டை மாடியில், டிவி ஆன்டெனாவுக்குக் கீழே. நீ அப்போது ஆறாம் வகுப்பு முடித்து, லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாய். அதனால் இது உனக்குத் தெரியாது.

பக்கத்து மனைக் கன்னியப்பனை உனக்கு நன்றாகத் தெரியும். நாம் வீடு கட்டிய இடம் அவர்கள் குடும்பத்து நிலம்தான். நெல் விளைந்த இடத்தை மனை போட்டு விற்றுவிட்டு, செங்கல், ஜல்லி வியாபாரத்துக்கு வந்தவர். எருமைகளை மட்டும் விடவில்லை. கோபக்காரர், பேச்சில் யாரையும் விட்டுவைக்க மாட்டார். தினமும் சாயங்காலம் நான் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, நசுங்கின டிபன் பாக்ஸோடு தெருமுனையில் திரும்பினால், எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டே ஒரு குரல் கொடுப்பார்: "இன்னா சார், இன்னிக்காவது உக்கார எடம் கெடச்சுதா?" நான் "நிக்கவே கெடைக்கல" என்பேன். இவ்வளவுதான். இதைச் சொல்லாத நாளில் ஆபீஸ் முடிந்ததாகவே எனக்குத் தோன்றாது. நம் வீட்டு போர்வெல்லில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. அதனால் குடிக்கவும் சமைக்கவும் அவர் கிணற்றிலிருந்துதான் உன் அம்மா தண்ணீர் எடுத்தாள்.

அந்தத் தெருவில் முதலில் டிவி வாங்கியது நான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் என்றால் நம் கூடத்தில் நான் உட்கார இடம் இருக்காது, தெருவே வந்துவிடும். கன்னியப்பனின் சொந்தக்காரர்கள்தான் அதில் பாதிப் பேர். அவருக்கு மட்டும் அந்த ஆன்டெனாவின்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. "அந்தக் கம்பி மேல ஏறுனதுல இருந்து எரும பாலு கொறஞ்சிடுச்சு சார்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லிவிட்டு அவரும் வந்து முன்வரிசையில் உட்காருவார். அந்த ஞாயிறு, படம் ஆரம்பித்துக் கதாநாயகி பாட வாயைத் திறந்த நேரத்தில், திரை முழுக்கப் புள்ளி விழுந்து, அவள் முகம் சிங்கத்தின் பிடரிபோல ஆகி, ஒரேயடியாகக் காணாமல் போய்விட்டாள். மாடிக்கு ஓடினேன். வடக்கே நகரத்தைப் பார்க்க வேண்டிய ஆன்டெனா, வண்டலூர் மிருகக்காட்சிசாலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. ஆத்திரத்தில் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

அன்று காலையில் கன்னியப்பன் சுவரோரத் தென்னையில் ஏறித் தேங்காய் பறித்துவிட்டு, நம் மாடிக்குத் தாவித்தான் இறங்கினார். நமக்கும் இரண்டு காய் கொடுத்தார். கம்பி மேல் கோபம் உள்ளவர், மாடிக்கு வந்தவர். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் கொல்லையைப் பார்த்துக் கத்தினேன். "யோவ் கன்னியப்பா, கம்பியத் திருப்பினது நீதானே?" அதுவரை அவரிடம் "நீங்க" என்றுதான் பேசியிருக்கிறேன். அவர் வைக்கோலோடு நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார் சொல்ற? எந்தக் கம்பி?" "ஒண்ணும் தெரியாத மாதிரி பேசாத. தேங்கா பறிக்கிற சாக்குல மாடிக்கு வந்து திருப்பிட்டுப் போயிருக்க. நெலத்த வித்தாலும் உங்களுக்கெல்லாம் நாங்க இங்க நிம்மதியா இருக்கிறத பாக்க மனசு வராது."

உங்களுக்கெல்லாம். அந்த ஒரு சொல்லை நான் மாடியிலிருந்து வீசியபோது, அந்த "எல்லாம்" என்பதில் அடங்கியவர்களில் பாதிப் பேர் என் வீட்டுக் கூடத்திலேயே, என் பாயிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் இறங்கி வருவதற்குள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் பதிலுக்குக் கத்துவார், தெருவே கூடும், நான் வென்றுவிடுவேன் என்று காத்திருந்தேன். அவர், "படம் ஓடிக்கினு கீது, போயி பாரு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைக்கோலைப் பிரிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை உன் அம்மா காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனவள், என்னைக் கூப்பிட்டாள். ஆன்டெனாக் குழாயில் ஒரு துணிக்கொடி கட்டியிருந்தது. அதில் தொங்கிய இரட்டைக் கட்டில் போர்வை, காற்றில் கப்பல் பாய்போலப் புடைத்து, குழாயையே இழுத்துத் திருப்பிக்கொண்டிருந்தது. "இந்தக் கொடிய இதுல யாருங்க கட்டினது?" என்று கேட்டாள். நான் வானத்தைப் பார்த்தேன். "காத்துல மாட்டிக்கிட்டிருக்கும்" என்றேன். "காத்து முடிச்சுப் போடுமா?" என்றாள். அந்த முடிச்சு, ரகு, இந்தப் பூமியில் என் ஒருவன் கைக்கு மட்டுமே வருவது. என் லுங்கியிலும் அதுதான், ஆபீஸ் பை வாயிலும் அதுதான், படுக்கை சுருட்டும் ஹோல்டாலில் அதைப் போட்டுவிட்டுப் பிறகு அரிவாளால் அறுத்துத்தான் பிரித்திருக்கிறோம். முந்தின நாள் காலையில், பழைய கொடி அறுந்துபோனதென்று, நானே கட்டினேன். நேற்று வரை அவர் கம்பியைத் திருப்பினார். என் முடிச்சைப் பார்த்த அந்த நிமிஷத்தில் கம்பி திரும்பிவிட்டது என்று ஆகிவிட்டது. எல்லாம் ஒரு மெய்யெழுத்துக்குள் முடிந்துபோன காரியம்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் நீ நேற்றுச் செய்தாய். ஜாங்கிரி வாங்கி உன் அம்மாவிடம் கொடுத்து அவர் வீட்டுக்கு அனுப்பினேன். அவர் மனைவி அம்சா பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தராமல் முருங்கைக்காய் போட்டு அனுப்பினாள். நான் முறுக்கு அனுப்பினேன். எருமைத் தயிர் வந்தது. நான் பலாச்சுளை அனுப்பினேன், கீரை வந்தது. இரண்டு தேசங்களுக்கு இடையே நடக்கும் ஏற்றுமதி இறக்குமதிபோல இது நடந்துகொண்டே இருந்தது. ஆனால் சாயங்காலம் நான் தெருமுனையில் திரும்பும்போது அவர் தவிட்டுக் குண்டானை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. தண்ணீரை நிறுத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பார்த்தீர்களா என்று நான் தெருவெல்லாம் சொல்லியிருப்பேன். அவர் நிறுத்தவில்லை. உன் அம்மா போனால் அம்சாவே வாளியை இறக்கிக் கொடுத்தாள்.

சொல்லிவிடுவது என்று ஒருநாள் முடிவுசெய்தேன். எப்படிச் சொல்வது என்று எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஒற்றைக் காலில் நின்றபடி ஒத்திகை பார்த்தேன். "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றால் ஏதோ சரித்திர நாடகத்தில் தோற்றுப்போன மந்திரி பேசுவதுபோல இருந்தது. "வருந்துகிறேன்" என்றால் டிவிக்காரன் நினைவு வந்தான். படம் நின்றுபோகும்போதெல்லாம் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று ஒரு அட்டை வைப்பார்களே, அதுதான். யோசித்துப் பார், அந்தக் காலத்தில் நம் வீட்டில் தவறாமல் மன்னிப்புக் கேட்ட ஒரே ஜீவன் அந்த டிவிதான். "சாரி" என்பது ரயிலில் காலை மிதித்தால் சொல்வது. கடைசியில் எனக்கு ஒரு பிரமாதமான யோசனை தோன்றியது. அவர் பாஷையிலேயே, விளையாட்டுப்போலச் சொல்லிவிடுவது. கேம்ப் ரோடு டீக்கடையில் அவர் இரண்டு கூட்டாளிகளோடு நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய், தோளைத் தட்டி, பல்லெல்லாம் தெரிய, "இன்னா நைனா, மாப்பு குட்துடு நைனா" என்றேன்.

அவர் கிளாஸை மெதுவாக பெஞ்சில் வைத்தார். "நல்லா கீது சார்" என்றார். "நான் பேசற மாதிரியே பேசிக் காட்ற. இன்னொரு தபா சொல்லு, இவங்களும் கேக்கட்டும்." மன்னிப்புக் கேட்கப் போனவன், இரண்டாவது அவமானத்தைச் செய்துவிட்டு நின்றேன். நியாயம்தானே. என் வாயில் பிறந்ததிலிருந்து வராத பேச்சு, அவரிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் வருகிறதென்றால் அவர் வேறு என்ன நினைப்பார்? பழி போடும்போது என் சொந்தப் பேச்சில் சுத்தமாகப் போட்டேன். மன்னிப்புக்கு மட்டும் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். அந்தச் சொல்லுக்கு நான் பொறுப்பில்லை பார், அதனால்தான் அது அவ்வளவு லேசாக வந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உன் அம்மா தண்ணீர் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "இது அவங்க கிணத்துத் தண்ணி" என்றாள். தினமும் குடித்த தண்ணீர்தான். அன்று விக்கிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு படம் போடுவதற்கு முன்னால் நான் மாடிக்கு ஏறினேன். எங்கே நின்று பழி சொன்னேனோ அங்கேயே நின்று, தெருவுக்கே கேட்கச் சொல்வது என்று தீர்மானம். "கன்னியப்பன்" என்று கூப்பிட்டேன். கொல்லையிலிருந்து நிமிர்ந்தார். "கம்பியத் திருப்பினது நீங்க இல்ல. நான்தான். கொடிய அதுல கட்டினவன் நான். அன்னிக்கு உங்களச் சொன்னது தப்பு. உங்களுக்கெல்லாம்னு சொன்னேனே, அது அதவிடத் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க." சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். கன்னியப்பன் கையைப் புருவத்தில் வைத்து என்னையே பார்த்தார். "கீழ எறங்கி வா சார்" என்றார். "நீ மேல நின்னுக்கினு மன்னிப்பு கேட்டா, எனக்குக் கழுத்து வலிக்குது."

இறங்கினேன். அவர் கொல்லை வாசலில், எருமைச் சாணத்துக்கு நடுவே, நேருக்கு நேராக நின்று மறுபடியும் சொன்னேன். இரண்டாவது முறை சிறியதாக வந்தது. அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "தெரியும் சார்" என்றார். "என்ன தெரியும்?" "நீ கொடி கட்டிக்கினு இருந்தப்போ நான் மரத்து மேலதான் இருந்தேன். இன்னாடா இது, போயும் போயும் இதுல கட்றானேனு பாத்துக்கினு இருந்தேன்." எனக்குக் கிடைத்த அதிர்ச்சியில் அவருடைய எருமை இரண்டு அடி பின்வாங்கியது. "அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றேன். "நான் சொல்லி நீ ஒத்துக்கினா எனக்கு அதுல இன்னா கீது? நீயா சொல்லுவனு பாத்தேன். ஜாங்கிரி வந்துது. முறுக்கு வந்துது. பலாப்பழம்கூட வந்துது. நீ வரல." அம்சா உள்ளேயிருந்து, "போதும், உள்ள இட்டாந்து உக்கார வை. அந்த மனுஷன் முகம் வெளுத்துப் போய்க் கீது" என்று குரல் கொடுத்தாள். மறுநாள் சாயங்காலம் நான் தெருமுனையில் திரும்பியபோது குண்டானிலிருந்து தலை நிமிர்ந்தது. "இன்னா சார், உக்கார எடம் கெடச்சுதா?" அன்று எனக்கு உண்மையிலேயே ட்ரெயினில் உட்கார இடம் கிடைத்திருந்தது. இருந்தும், "நிக்கவே கெடைக்கல" என்று சொன்னேன். எருமைப் பால் விஷயத்தில் மட்டும் அவர் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. கம்பியால்தான் குறைந்தது என்கிறார்.

இவ்வளவும் நான் உனக்கு எழுதக் காரணம் நேற்றைய அதிர்ச்சி மட்டும் இல்லை. அதற்கு மேல் ஒன்று இன்று காலையில் வந்தது. செல்வி நேற்று போனில் பேசியதை உன் அம்மா என்னிடம் சொன்னாள். நீ அவர்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினாய், இன்ஜினை அணைக்கவில்லை, சீட்டை விட்டு இறங்கவில்லை. பெட்டியை நீட்டினாய். "சாவி கெடச்சுதா?" என்று அவள் கேட்டாள். "ம், கெடச்சிடுச்சு" என்றாய். "எங்க கெடச்சுது?" என்றாள். "எங்கயோ கெடச்சுது, விடேன்" என்றாய்.

அவளுக்குத் தெரியும், ரகு. உன் நண்பர்கள் கிளம்பிப்போன அன்று சாயங்காலமே, காய்கறிப் பையை எடுக்க ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தவள் சாவியைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, எடுக்காமல், அங்கேயே வைத்து மூடிவிட்டாள். அம்மாவிடம்கூட நேற்றுத்தான் சொன்னாள். "அவரே எடுக்கட்டும்னு விட்டேன் அத்தை. எடுத்துட்டு வந்து ஒரு வார்த்தை சொல்வார்னு நெனச்சேன்" என்றாளாம். நீ எடுத்தாய். சொல்லவில்லை. அவள் ஆடி பிறக்கும்வரை தினமும் உனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டே காத்திருந்திருக்கிறாள். கன்னியப்பன் மரத்தின் மேல் இருந்தார் என்று கேட்டபோது என் தலைக்குள் ஏற்பட்ட அதே சத்தம், இதைக் கேட்டதும் எனக்கு மறுபடி ஏற்பட்டது. நாம் ஏமாற்றுக்காரர்கள் என்று முன்பே தெரிந்துகொண்டு, அதற்கு மேலும் நம்மை நம்பிக் காத்திருக்கிற மனிதர்கள் எப்படித்தான் நம் பக்கத்திலேயே வந்து வாய்க்கிறார்களோ, எனக்குப் புரியவில்லை.

ஆகவே நாளைக்குப் போ. கேட்டுக்கு வெளியே வண்டியை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, இறங்கு. உள்ளே அவள் அப்பாவும் தம்பியும் இருந்தால் இன்னும் நல்லது; அன்று உன் நண்பர்கள் இருந்தார்களே. சாவி கிடைத்த கதையைச் சொல்லாதே, வைத்த கதையைச் சொல். அவர்கள் வீட்டைப் பற்றி நீ சொன்னதற்கும் சேர்த்துச் சொல். உனக்கு எந்தப் பேச்சு வருமோ அந்தப் பேச்சிலேயே சொல், கோணலாக வந்தாலும் பரவாயில்லை. அவள் உடனே கிளம்பிவிடுவாள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. கன்னியப்பன் என்னை நிற்கவைத்துக் கழுத்துவலி பேசினார். அவள் என்ன பேசுவாளோ, நின்று கேள்.

கையில் கொண்டுபோக அந்த ஜாங்கிரிப் பெட்டியைத் தேடாதே. அது ஃபிரிட்ஜ் மேல் இல்லை. காலையில் உன் அம்மா வெறும் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, "இதுல இருந்ததெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள். டாக்டர் எனக்கு இனிப்பையே கண்ணால் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பது உனக்குத் தெரியும். "தீர்ந்துபோச்சு" என்றேன். அவள் பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டில் எருமை ஒரு தடவை கத்தியது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சொன்னேன்.

"தீர்த்துட்டேன். நான்தான்."

நீ வெறுங்கையோடு போ.

கீழ்வீட்டிலிருந்து,
அப்பா